வள்ளம் ஏறாத மீனவன்

அல்பிரட்டின் பெயர் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்பது பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவனுடைய அக்கா மரியநாயகி விட்டால்தானே. மரக்கறிக் கடையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் சொல்லுவாள். "என்ரை தம்பியும் முசே லூசியனும் சேர்ந்து செய்தது. பரிசெல்லாம் கிடைச்ச புத்தகம்."

"நீங்கள் வாசிச்சனீங்களோ அக்கா?" என்று யாராவது கேட்டால், "எனக்கெங்கை பிரெஞ்சு? ஆனால் பேர் இருக்கு. கண்ணாலை பார்த்தனான்" என்பாள்.

பேர் இருந்தது உண்மைதான். லூசியன் வெர்தியே என்ற பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில். மரியநாயகி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் ஒரு தாளைக்கூடக் கசங்கவிடாதவள். பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் உள்ள அவளுடைய வீட்டில் முப்பத்தாறு வருடக் கரண்ட் பில் தேதிவாரியாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரங்களை ஒட்டி, கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தாள். தொட ஒருவரையும் விடமாட்டாள். மகள் டிலானிக்கும் அதே சட்டம்தான். பதினாறு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

அல்பிரட் பாரிசுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். யாழ்ப்பாணம் கம்பஸில் தமிழ் இலக்கியம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன். அப்பா மன்னார்ப் பக்கத்து ரயில் நிலையத்தில் கிளாக் வேலை பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மீன்பிடி வள்ளத்தில் கால் வைத்ததில்லை. மீன் வாங்குவதற்குத்தான் கடற்கரைக்குப் போவார்கள்.

மரியநாயகி அவனுக்கு மூன்று வருடம் முன்னமே வந்து சேர்ந்துவிட்டாள். தம்பி வந்த இரண்டாம் நாளே அவனைக் கேஸ் எழுதுபவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அகதிக் கோரிக்கையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்து அதிலேயே பிழைத்தவர் அவர். அல்பிரட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பஸ் பொடியனோ? வேண்டாம் தங்கச்சி. ஆரோடை திரிஞ்சாய், என்ன எழுதினாய் எண்டு ஆயிரம் கேள்வி வரும். கடல் தொழில் எண்டு போடுவம். வள்ளம் எரிஞ்சது, எழுத வாசிக்கத் தெரியாது. இப்ப அந்தக் கேசுகள் தான் சுகமாப் போகுது."

அல்பிரட் வாய் திறந்தான். "அண்ணை, நான்..."

"நீ பேசாமல் இரு" என்றாள் மரியநாயகி.

அவள் அரைகுறையாக ஒன்றையும் செய்வதில்லை. வள்ளத்தின் நீளம், இயந்திரத்தின் குதிரைவலு, வலை எத்தனை, எரிந்த நாள், அன்று வீசிய காற்று என்று எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினாள். குசினியில் வைத்து நாற்பது நாள் தம்பியைக் கேள்வி கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, "உன்ரை அப்பா என்ன தொழில்?" என்பாள். "கடல் தொழில்" என்பான். "எத்தினையாம் வகுப்பு?" "பள்ளிக்கூடம் போகேல்லை." விசாரணையில் கையெழுத்துக் கேட்டபோது, இலக்கியம் படித்த பையன் பேனையைக் குச்சி பிடிப்பதுபோல் பிடித்து ஒரு சிலுவைக் கீறு போட்டான். பதினொரு மாதத்தில் அகதிக் கார்ட் வந்தது. லாச்சப்பல் முழுக்க அவள் லட்டுக் கொடுத்தாள்.

எழுத்தறிவில்லாதவன் என்பதால் அரசாங்கம் அவனை அகர வகுப்பில் சேர்த்தது. மாலி நாட்டுக் கிழவர்களோடு உட்கார்ந்து ஏ, பே, சே எழுதினான். மூன்றாம் கிழமை ஆசிரியை அதிசயப்பட்டுப் பாராட்டியதைச் சொல்லிச் சிரித்தான். மரியநாயகி சிரிக்கவில்லை.

"விசரா! கொஞ்சம் பிழை விட்டு எழுது. எல்லாம் சரியா எழுதினால் என்ன நினைப்பாங்கள்?"

அதற்குப் பிறகு பிழை விட்டு எழுதினான். அந்தப் பாதையில் போனவனுக்குக் கிடைத்தது ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ் ரெஸ்ரோரண்டின் நிலவறை. பாத்திரம் கழுவும் வேலை. ஈரச் சுவர், ஒரு குழல் விளக்கு. கழுவி முடிந்த இடைவெளியில் ஓடர் எழுதும் துண்டுகளின் பின்பக்கத்தில் தமிழில் கவிதை எழுதுவான். வீட்டுக்கு வந்து கொப்பியில் பெயர்த்து எழுதுவான். பிரெஞ்சையும் நூலகத்துப் புத்தகங்களை எடுத்துத் தானாகவே படித்துக்கொண்டான். வெளியில் அவன் எழுதப் படிக்கத் தெரியாத மீனவன். அந்தக் கதை பிசகிவிடக்கூடாதென்று மரியநாயகி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

லூசியன் வெர்தியே வியாழக்கிழமைகளில் அங்கே தோசை சாப்பிட வருவார். அவர் எழுதாத வகை கிடையாது. நாடகம் எழுதினார், சிறுவர் கதை எழுதினார், வானொலியில் பேசினார். பாரிசின் கால்வாய்களுக்கு ஒரு வரலாறு எழுதினார். நான்கு மொழிகளிலிருந்து பெயர்த்தார். இரண்டு வருடம் பத்திரிகையில் சமையல் குறிப்புக்கூட எழுதியிருக்கிறார். ஒன்றை முடித்ததும் திரும்பிப் பார்க்கமாட்டாராம். அறுபது வயதில் அவருக்குக் கடல்மேல் ஆசை வந்தது. தொண்ணூற்றொன்பதில் ஒரு வியாழன், கீழைக் கடல்களின் மீனவர் பாடல்களைத் தேடுவதாக முதலாளியிடம் சொன்னார்.

"எங்கடை அல்பிரட் இருக்கிறான். கடலிலை பிறந்து வளந்தவன்" என்றார் முதலாளி. அல்பிரட் ஈரக் கையோடு மேலே வந்தான். இல்லை என்று சொல்ல அவனுக்கு வழியில்லை.

உண்மையில் மீன் பிடித்தவன் நீக்கிலாஸ். ஒபர்வில்லியே களஞ்சியமொன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். அல்பிரட் ஞாயிறுகளில் அவனிடம் போய், காற்றுக்கும் வலைக்கும் வள்ளத்தின் பாகங்களுக்கும் உரிய சொற்களை எழுதி வருவான். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளையும் கேட்டான். நீக்கிலாசுக்கு நாலு பாட்டுத்தான் தெரியும். அதிலும் இரண்டு வாய்விட்டுச் சொல்ல முடியாதவை.

"இதை அந்த வெள்ளைக்காரனுக்குப் பாடிக் காட்டு பாப்பம்" என்று நீக்கிலாஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

லூசியன் இன்னும் இருக்கா, இன்னும் இருக்கா என்று கேட்டார். அல்பிரட் தன்னுடைய கவிதைகளை அம்பா மெட்டில் போட்டு மனப்பாடம் செய்து, அவருடைய ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் பாடினான்.

கரைகண்ட வலைக்கெல்லாம் கயிறுண்டு, ஏலேலோ
கரைகாணா எனக்கிங்கே கயிறில்லை, ஏலேலோ

அவன் பிரெஞ்சில் பொருள் சொன்னதும் லூசியன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எட்டு வருடம் இப்படிப் போனது. சில வியாழன்களில் தான் எழுதிய புத்தகங்களிலிருந்து அவனுக்கு வாசித்துக் காட்டுவார், பாவம், தானாக வாசிக்க முடியாதவன் என்று. அல்பிரட் அவற்றை ஏற்கெனவே வாசித்தவன். முதல்முறை கேட்பவனைப்போல் தலையை ஆட்டுவான்.

இரண்டாயிரத்தெட்டில் புத்தகம் வந்தது. பதினொரு பாடல்கள். பரிசும் கிடைத்தது. மறுநாள் காலை அல்பிரட் வழக்கம்போல் நிலவறைக்கு இறங்கினான்.

இந்தப் பெப்ரவரியில் லூசியன் இறந்தார். எண்பத்தாறு வயது. அவருடைய கடைசி மாணவி ஆரெலி, நூலகத்தில் ஒரு நினைவுக் கூட்டம் வைப்பதாகவும், புதிய பதிப்பு வரப்போவதாகவும், அல்பிரட் வந்து பாடவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். மரியநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றுதான் முதல்முறையாகப் பிளாஸ்டிக் உறையைக் கத்தரித்தாள்.

"டிலானி, இதிலை மாமாவைப் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு வாசி. கூட்டத்திலை சனம் கேட்டால் சொல்லவேணும்."

டிலானி முன்னுரையை வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். "அம்மா, பிறகு வாசிப்பம்."

"இப்ப வாசி."

"மாமாவுக்கு... எழுத வாசிக்கத் தெரியாதாம். அவரின்ரை கை பேனை பிடிச்சதில்லையாம். இந்தப் பாட்டெல்லாம் ஆர் கட்டினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாதாம். தகப்பனிட்டைக் கேட்டுப் பாடமாக்கினவராம்."

சோறு தின்றுகொண்டிருந்த அல்பிரட் நிமிரவில்லை. மரியநாயகி எழும்பிவிட்டாள்.

"என்ன அநியாயம் இது! பாட்டு உன்ரை. கொப்பி என்னட்டை இருக்கு, தேதியோடை. அந்த மனுசன் உன்ரை தலையிலை மிளகாய் அரைச்சிருக்கு. கூட்டத்திலை எழும்பிச் சொல்லு!"

"அக்கா, அந்த மனுசனுக்கு ஒண்டும் தெரியாது. அவர் நான் சொன்னதைத்தான் எழுதினவர்."

"நீ ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

அல்பிரட் கையைக் கழுவிவிட்டு வந்தான். கோபமே இல்லாத குரலில் சொன்னான். "வெங்காயம் உரிச்சு உரிச்சுச் சொல்லித் தந்தது ஆர்?"

மரியநாயகி கதிரையில் உட்கார்ந்தாள்.  மெல்லிய குரலில், "அது முப்பது வருசத்துக்கு முந்தினது" என்றாள்.

"ஓம். ஆனால் என்ரை கார்ட் அந்தக் கதையிலை தானே நிக்குது. அடுத்த வருசம் அதைப் புதுப்பிக்கவேணும். இந்த நாட்டுக் குடியுரிமை, நசனலிற்றே, கேக்காமல் விட்டதும் அதாலைதான், இன்னொருக்கா விசாரணையிலை இருக்க ஏலாது. பாட்டு என்ரை எண்டால் படிச்சவன் எண்டு வரும். படிச்சவன் எண்டால் வள்ளம் எங்கை எண்டு வரும். அந்த மனுசனும் பொய்ப் புத்தகம் எழுதினவராப் போவார், செத்தாப் பிறகு. வேண்டாம் அக்கா."

"உனக்குக் கவலையில்லையோடா?"

"கவலைப்பட்டு முடிஞ்சுது."

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். மரியநாயகி முதல் வரிசையில் டிலானியோடு உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையில் தம்பியின் மூன்று கவிதைக் கொப்பிகள். தம்பிக்குச் சொல்லாமல் கொண்டுவந்திருந்தாள். எடுத்துக் காட்டுவேன் என்று அவள் தனக்கே சொல்லவில்லை. வீட்டில் விட்டுவரவும் மனம் வரவில்லை. அறுபது பேர் இருப்பார்கள். லூசியனின் நாடகத்திலிருந்து ஒரு காட்சி நடித்தார்கள். கால்வாய்ப் புத்தகத்திலிருந்து ஒருவர் வாசித்தார். பிறகு அல்பிரட் எழும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று பாட்டுப் பாடினான். கயிறில்லை என்ற வரியில் அவன் குரல் இறங்கியபோது, மொழி தெரியாத சனமும் மூச்சை அடக்கிக் கேட்டது. தன்னுடைய பாட்டை அவன் எவ்வளவு நன்றாகப் பாடுகிறான் என்று நினைத்த மரியநாயகி மடியிலிருந்த பையை அணைத்துக்கொண்டாள்.

ஆரெலி பேசினாள். ஆறு மாதம் மன்னாரில் தங்கி, கரையோரக் கிராமமெல்லாம் விசாரித்தாளாம். இந்தப் பாடல்களை அங்கே ஒருவரும் கேள்விப்பட்டதேயில்லையாம். டிலானி காதுக்குள் பெயர்த்துச் சொல்லச் சொல்ல, மரியநாயகியின் விரல்கள் பையைத் திறக்கிற சிப்புக்குப் போயின. பிடிபட்டுவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பயத்தோடு ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது.

ஆனால் ஆரெலி சொன்னது வேறு. யுத்தம் அந்தப் பாடல்களை அங்கே முற்றாக அழித்துவிட்டதாம். உலகத்தில் அவை இப்போது ஒரே ஒரு மனிதரின் நினைவில்தான் இருக்கின்றனவாம். சனம் கைதட்டியது. ஆரெலி முன்வரிசைக்கு இறங்கி வந்து, மரியநாயகியின் முன்னால் ஒலிவாங்கியை நீட்டினாள்.

"அம்மா, உங்கடை அப்பா இந்தப் பாட்டுகளைப் பாடுறதை நீங்களும் கேட்டனீங்களோ எண்டு கேக்கிறா" என்றாள் டிலானி.

அப்பா வெள்ளை நீளக் காற்சட்டை போட்டு, ரயில் மணி பார்த்து வாழ்ந்த மனிதர். பாட்டென்றால் தலையிடி என்பார். சிப்பு பாதி திறந்திருந்தது. அறுபது பேரும் அவளையே பார்த்தார்கள். அல்பிரட் பார்க்கவில்லை. மேடையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்" என்றாள் மரியநாயகி. "அப்பா பாடுவார். விடிய வள்ளம் தள்ளேக்கை பாடுவார்."

டிலானி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஆரெலி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அல்பிரட்டிடம் திரும்பினாள். இன்னும் பாடல்கள் இருக்கின்றனவா, ஒன்றோ இரண்டோ, புதிய பதிப்பில் சேர்க்கலாம் என்றாள்.

மூன்று கொப்பியிலும் சேர்த்து நூற்று நாற்பது இருக்கின்றன. மரியநாயகி எண்ணி இலக்கம் போட்டவள்.

"இல்லை" என்றான் அல்பிரட். "அப்பாவுக்கு இவ்வளவுதான் தெரியும்."

வெளியே வந்ததும் டிலானி கார் எடுக்கப் போனாள். அக்காவும் தம்பியும் நடைபாதையில் நின்றார்கள். அவன் பையைப் பார்த்தான். அதன் கனத்தையும் கண்டுகொண்டிருக்கவேண்டும்.

"ஏனடா இல்லையெண்டு சொன்னனீ? குடுத்திருந்தால் அச்சிலையாவது வந்திருக்கும்."

"பதினொண்டை அப்பாவுக்குக் குடுத்தாச்சு அக்கா. மிச்சத்தையும் குடுக்க மனமில்லை."

"அப்ப இதுகளை நான் என்ன செய்ய?"

அவன் நேரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்கு வேலை. "உங்கடை அலுமாரியிலை இடம் இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு, ரூ லூயி-பிளாங் பக்கம் நடந்தான்.