ஒரே நாளில் பொன்முடிக்கு இரண்டு முறை

பொன்முடி மலைக்கு ஸ்கூட்டரில் போகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் முதன்முதலாக ஏறியது எழுபதுகளின் கடைசியில், எப்படியாவது மோட்டார் கிளப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில். வழி இன்றும் அதேதான் என்பதால் அந்தப் பயணத்தையே எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் அந்தக் கிளப்பை அறுபதுகளில் தொடங்கியவர்கள் ஒரு ஒர்க்‌ஷாப் முதலாளியும் அவருடைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் வரை சேர்ந்து போய் வந்தவர்கள், பிறகு வருஷத்துக்கு ஒரு பொன்முடி ஏற்றப் போட்டி நடத்த ஆரம்பித்தார்கள். பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நான் அதே ஊரில் ஸ்ரீவராகம் பக்கத்துக்காரி, தட்டச்சு வேலைக்கு அண்ணனின் ஸ்கூட்டரில்தான் போவேன். சேர வேண்டும் என்றதும் கமிட்டியில் இழுபறி. கடைசியில், “ஏறிக் காட்டட்டும்” என்றார்கள். ஸ்கூட்டர் பிரிவில் பின்சீட்டில் ஒருவர் வழி சொல்லிக்கொண்டு வர வேண்டும். அண்ணன் மனைவி கமலா மன்னி தானே வருவதாகச் சொன்னாள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கல்லாறு வரை சுகமான சாலை. அதற்கப்புறம் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஆரம்பத்திலேயே எஞ்சின் திணறி நின்றது.

“நான் இறங்கிக்கறேன், நீ ஏத்து” என்று மன்னி புடவையைச் செருகிக்கொண்டு, தோட்டத்து ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். நான் சுற்றி வருவதற்குள் அடுத்த வளைவில் நின்றாள். இப்படியே சில இடங்களில்.

உச்சியில் முடிவுக் கயிற்றுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கிளப் செகரெட்டரி தாமஸ் சார் காத்திருந்தார். கறாரான மனிதர்.

“வழியில எறங்கி நடந்நு, அல்லே? வளவில் காவல் நின்ன மார்ஷல் பறஞ்ஞு. அது சரியாவில்ல குட்டீ. ரெண்டு பேரும் வண்டியில இருந்தே ஏறணும். அதாணு ரூல்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கண்ணீர் தெரியாமலிருக்க ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.

“இறங்கி இன்னொரு தடவை ஏறினா என்ன?” என்றாள் மன்னி.

“போட்டி முடிஞ்சாச்சு மன்னி.”

“ரோடு முடியலையோன்னோ?”

கல்லாற்றுக்கு இறங்கினோம். பாரம் குறைய ஸ்டெப்னி, டூல் பை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றையும் டீக்கடையில் வைத்தோம். “வண்டி தணுக்கட்டே” என்று கடைக்காரர் தடுத்து உட்கார வைத்தார். எஞ்சின் ஆறியதும் பிளக்கைத் துடைத்துப் போட்டுக் கிளம்பினேன். முதல் கியர்தான். நின்றால் மறுபடி கிளம்பாது. பாதி மலையில் எஸ்டேட் லாரி ஒன்று எதிரே இறங்கியது. நான் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. டிரைவர் திட்டிக்கொண்டே ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். மன்னி என் முதுகோடு ஒட்டி முன்னால் சாய்ந்துகொண்டாள். “போ, போ, போ” என்ற அவள் குரல் மட்டும் கேட்டது.

மேலே மூடுபனி. மேசையும் கயிறும் போய்விட்டன. தாமஸ் சார் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் இறங்கி வந்தார்.

“இப்போ எவிடெயும் எறங்கியோ?”

“காலைத் தரையிலேயே வெக்கலை. சந்தேகம்னா வழி நெடுக விசாரிச்சுக்கோங்கோ” என்றாள் மன்னி.

“போட்டிக் கணக்கில இது வரில்ல.”

“கிளப் கணக்குல வருமா சார்?” என்று கேட்டேன்.

ஜீப்புக்குப் போய் உறுப்பினர் நோட்டை எடுத்து வந்தார். “அது வரும்” என்றார்.

எண்பதுகளில் அந்தச் சாலையில் போக்குவரத்து பெருகியது. அனுமதி கிடைக்காமல் ஏற்றம் நின்றுபோனது. அதுவரை நான் ஐந்து முறை ஓட்டினேன், இரண்டு முறை மார்ஷலாக நின்றேன். மன்னி ஒருமுறை காரில் வந்தாள், தூங்கிவிட்டாள்.

போகிறவர்களுக்கு: வனத்துறை செக்போஸ்ட் திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குமேல் பனி இறங்கும், காலையிலேயே ஏறுங்கள். சின்ன வண்டியில் இருவர் என்றால் கல்லாற்றில் எஞ்சினை ஆறவிடுங்கள். திரும்பும்போது, வளைவில் ஏறிவரும் வண்டிக்கு நின்று வழிவிடுங்கள். அதில் வருகிறவர்கள் எதற்காக ஏறுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.