டொக்டர் சொன்ன ‘தெரியாது’

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில், நீளமான மர வாங்கொன்றில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு இரண்டு பேர். புருஷனும் பெண்சாதியும். என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை. சப்ரகமுவ மழையைத் தெரிந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் நனையமாட்டார்கள்.

அவன் பெயர் லோகநாதன். வரக்காப்பொலயிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அவள் மகேஸ்வரி. அவளும் பால் வெட்டுகிறவள்தான். முன்பொருமுறை அவர்களுடைய தோட்டத்துப் பாலத்தைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன் — உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பாலம் இன்னும் வரவில்லை. ஆனால் ‘பேப்பர்ல எழுதுற ஐயா’ என்று என்னை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். என் எழுத்தால் அந்தத் தோட்டத்துக்கு விளைந்த பயன் அவ்வளவுதான்.

அவர்களுடைய பிள்ளை செத்துப்போயிருந்தது.

நாலு மாதப் பிள்ளை. ஆண். இரவு பால் குடித்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தூங்கியது. விடியற்காலையில் வேலைக்குப் போக எழும்பிய மகேஸ்வரி தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முதல்நாள் ஒரு சிணுங்கல்கூட இல்லை. திடீர்ச் சாவு என்பதால் பிரேதப் பரிசோதனை நடந்தது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து எடுத்த சில துணுக்குகளைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மீதியைப் புதைத்தாயிற்று. முடிவுக்காகக் காத்திருந்தார்கள்... வாரக்கணக்காக.

தோட்டத்தில் வேறு யாரும் காத்திருக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

“ரப்பர் பால் நாத்தம் புடிச்ச கையால தூக்கிக்கிட்டே இருந்தா பச்சப்புள்ள தாங்குமா?” — இது எதிர் லயத்து வரிசை வீடுகள்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா புள்ளைய தூக்கிக்கிட்டு சுடுகாட்டு ரோட்டுல போனா. நானே கண்ணால பாத்தேன்.” — இது கோயில் பூசாரி.

“குடிக்கிற பீலித் தண்ணிதாங்க காரணம். இத வச்சி தோட்டத்துத் தொரைய ஒரு புடி புடிக்கலாம்.” — இது தொழிற்சங்கத் தலைவர். பிள்ளை தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் குடித்ததில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பிரச்சினையே அல்ல.

லோகநாதனின் அக்கா அடுத்த காம்பராவில், பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அவள் எதையும் நேராகச் சொல்லமாட்டாள். சுவரைப் பார்த்துச் சொல்வாள். லயத்துச் சுவர் கூரைவரைக்கும் போவதில்லை. இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் சுடச்சுடப் போய் விழும்.

“தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம்! லயமே இடிஞ்சி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா மகராசி. புள்ள மேல உருண்டு படுத்தா அதுக்குத்தான் சொல்லத் தெரியுமா, இவளுக்குத்தான் தெரியப் போவுதா?”

மகேஸ்வரி திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவளுக்கும் அதே சந்தேகம் இருந்தது.

லோகநாதனும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மோசம். யார் என்ன கேட்டாலும் “ரிப்போட் வரட்டும்.” அவள் சமைத்தாள், அவன் அக்காவிடம் போய்ச் சாப்பிட்டான். பால் வெட்டப் போனார்கள், வந்தார்கள். வரிசை வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவில் ஒருவரையொருவர் கடந்து போனார்கள். அவள்தான் கொன்றாளா, இல்லையா — இந்த ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை அந்த வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீங்க கூட வந்தீங்கன்னா டொக்டர் ஒழுங்கா பேசுவாருங்க” என்று என்னைக் கூப்பிட்டான். போனேன். வாசலில் காவலுக்கு நின்றவர் எங்கள் மூவருடைய அடையாள அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். நாங்கள் நாங்கள்தான் என்று ஒருவழியாக நம்பினார்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். அதே வாரம் ஒரு பாடசாலையில் விஞ்ஞான தினம். ‘விஞ்ஞானம் என்றால் என்ன?’ என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருந்தார்கள். கவிதை எழுதுகிறவனைப் பிடித்து விஞ்ஞானம் பற்றிப் பேசச் சொல்லும் தைரியம் நம்முடைய அதிபர்களுக்குத்தான் வரும்! நானும் லேசுப்பட்டவனா? ஒப்புக்கொண்டுவிட்டேன். வாங்கில் உட்கார்ந்தபடி அந்த உரையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம்... தடுப்பூசி... சந்திரனில் மனிதனின் கால்... விஞ்ஞானம் என்பது இருளில் ஏற்றிய விளக்கு... அப்படி, இப்படி.

கதவு திறந்தது.

டொக்டர் இளவயதுக்காரர். சிங்களவர். மேசையில் பாதி சாப்பிட்ட சோற்றுப் பார்சல். எங்களைக் கண்டதும் அதை மூடி ஓரத்தில் வைத்தார். மகேஸ்வரியைப் பார்த்து “நங்கி, உட்காருங்கள்” என்றார் சிங்களத்தில். நங்கி என்றால் தங்கச்சி. சுற்றிவரச் சிங்களக் கிராமங்கள் உள்ள தோட்டம். இவர்கள் இருவருக்கும் அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை. நான் ஒரு பிரமுகராக நின்றுகொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு நோய், வருத்தம் எதுவும் இருக்கவில்லை என்றார் டொக்டர். நெஞ்சு சுத்தம். இருதயத்தில் குறையில்லை. காயம் இல்லை. நஞ்சு இல்லை. கொழும்பிலிருந்து வந்த முடிவிலும் ஒன்றும் இல்லை.

“அப்படியென்றால் எதனால் செத்தது?” லோகநாதன் கேட்டான்.

“மம தன்னே நே.”

எனக்குத் தெரியாது.

தகரக் கூரையில் மழை.

அப்போதுதான் மகேஸ்வரி வாயைத் திறந்தாள். சிங்களத்தில், ஒரு சொல்கூடத் தடுமாறாமல் கேட்டாள் — இத்தனை வாரமும் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. “நான் தூக்கத்தில் உருண்டு படுத்ததாலா, மாத்தயா?”

டொக்டர் மேசையிலிருந்த முடிவை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். நான் மனதுக்குள் கெஞ்சினேன். இல்லை என்று சொல்லுமையா! ஒரே ஒரு சொல். யாருக்கு என்ன நட்டம்?

அவர் மெதுவாகச் சொன்னார். “அப்படி நடந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை, நங்கி. ஆனால் இவ்வளவு சின்னப் பிள்ளைகளின் உடம்பில் சிலவேளை அடையாளமே விழாது. அதனால், நடக்கவே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. இந்த வயதில் தூக்கத்திலேயே பிள்ளைகள் போவதுண்டு. எல்லா நாட்டிலும் உண்டு. தொட்டிலில் தனியாகக் கிடந்த பிள்ளைகளும் போயிருக்கின்றன. ஏன் என்று எங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.”

லோகநாதன் விருட்டென்று எழும்பினான். டொக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். தமிழ் வெடித்துக்கொண்டு வந்தது.

“ஐயா, எனக்கு ஒன்னும் வேணாங்க. இவ மேல தப்பில்லன்னு ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. எங்க அக்கா மூஞ்சியில காட்டணும். அவ்வளவுதாங்க... வேற ஒன்னும் வேணாம்.”

மகேஸ்வரி திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரிந்திருந்தால் நான் இன்னும் நல்ல எழுத்தாளனாக இருப்பேன். தன்னைக் குற்றவாளி என்று நினைத்துத்தான் அவன் பேசாமலிருக்கிறான் என்று அவள் எண்ணியிருந்தாள். மனுஷன் பதிலுக்குப் பயந்துபோய் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறான்!

அந்த ஒரு வரியை நான் சிங்களத்தில் கேட்டேன். டொக்டர் தலையை அசைத்தார். தப்பு இருக்கிறது என்றும் எழுத முடியாது, இல்லை என்றும் எழுத முடியாது. காரணம் கண்டறியப்படவில்லை. அதுதான் எழுத முடிந்தது.

அவர்கள் இருவரும் வெளியே போன பிறகு நான் மட்டும் பின்தங்கினேன். எனக்குக் கோபம்.

“ஒரு நியூமோனியா என்று போட்டிருக்கலாமே, டொக்டர்? யாருக்குத் தெரியப் போகிறது?”

“ஒருவருக்கும் தெரியாது,” என்றார். “எனக்கும் சுகம். இந்தச் சோற்றையாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.” அவர் சிரிக்கவில்லை. “ஆனால், இப்படியான சாவுகளுக்கு ஆளாளுக்கு ஒரு பெயரைப் போட்டு மூடினால், இப்படியொரு சாவு இருக்கிறது என்பதே மறைந்துபோகும். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்தால்தான் எப்போதாவது, எங்கேயாவது ஒருவன் ஏன் என்று தேடத் தொடங்குவான்.”

“சரி... இந்தப் பிள்ளைக்கு?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“இந்தப் பிள்ளையின் விஷயம் இன்றோடு முடிந்தது, மாத்தயா. இனி யாரும் பார்க்கப் போவதில்லை.”

யோசித்துப் பாருங்கள். எதிர் லயத்துக்குத் தெரியும். பூசாரிக்குத் தெரியும். தலைவருக்குத் தெரியும். அக்காவுக்கோ சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெரியும். அந்தப் பிள்ளையை அங்குலம் அங்குலமாகப் பார்த்த ஒரே மனுஷருக்குத்தான் தெரியவில்லை!

விளக்கு, விளக்கு என்று உரையில் எழுதி வைத்திருந்தேனே... என்ன விளக்கு அது? தன் வெளிச்சம் எந்த இடத்தில் முடிகிறது என்பதை மறைக்கத் தெரியாத விளக்கு. அதற்கப்பால் இருட்டு. இருட்டை இருட்டு என்று சொல்வதற்குத்தான் அவ்வளவு படிப்பும், கத்தியும், கண்ணாடியும், கொழும்புக்குப் போன துணுக்குகளும். அது பெரிய நேர்மை என்று என் புத்திக்குப் படுகிறது. ஆனால் பெற்றவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நேர்மையைச் சொல்ல ஒரு கல்நெஞ்சும் வேண்டுமே என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் நின்றபடிதான் இருக்கிறேன்.

நமக்குக் காரணம் வேண்டும். நம்மையே சுடுகிற காரணமாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குக் கீழே ஒண்டிக்கொள்ளலாம். காரணமில்லாத துக்கம் கூரையில்லாத வீடு. மழை நேரே தலையில்தான்.

பாடசாலைக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டேன். பாருங்கள்... காரணம் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

சரி, கதைக்கு வருகிறேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றோம். லோகநாதன் பால் சேர்க்காத பிளேன்டி மூன்று வாங்கி வந்தான். முதல் கிளாசை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“அக்காக்கிட்ட நெஞ்சில சளின்னு சொல்லிர்றேன்,” என்றான். “டொக்டர் சொன்னாருன்னு சொன்னா யாரு மறுத்துப் பேசப் போறா?”

“வேணாம்.”

“ஏன்டி?”

“சளின்னு சொன்னா, சளி கட்டுற வரைக்கும் என்னா பண்ணிக்கிட்டு இருந்தான்னு கேப்பாங்க. காய்ச்சல்னு சொன்னா, தொட்டுப் பாக்கலியான்னு கேப்பாங்க. தெரியலன்னே சொல்லுங்க.”

“தெரியலன்னா அக்கா சும்மா விட்டுருமா? அது வாயி எனக்குத் தெரியாதா?”

“விட மாட்டாங்க. பேசட்டும். டொக்டருக்கே தெரியாதது ஒனக்கு எப்படித் தெரியும்னு ஒரு வார்த்த கேளுங்க. அதுக்காச்சும் வாய தொறப்பீங்கல்ல?”

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. காலிக் கிளாசுகளை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனான்.

அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் என்னருகே வந்தாள்.

“ஐயா...”

“சொல்லும்மா.”

“தெரியலன்னா அப்படியே விட்டுற மாட்டாங்கதானேங்க? எம்புள்ள எதுனால போச்சின்னு இன்னமும் பாத்துக்கிட்டுதானே இருப்பாங்க?”

காலையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் இப்போது லேசாக ஏதோ ஒன்று. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் பதிலுக்காக அது அப்படியே நின்றது.

“பாத்துக்கிட்டுதான் இருப்பாங்கம்மா,” என்றேன்.

தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

நல்லவேளை... அந்த டொக்டர் பக்கத்தில் இல்லை.