பாதம் பார்த்த கண்ணாடி

பிள்ளைகளா, முன்வாசல் இஸ்தோப்புச் சுவரில் தொங்குகிற அந்தச் சிவப்பு விளிம்புக் கண்ணாடியைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டுவிட்டீர்கள். ஓரத்தில் கீறல் விழுந்து, பின்பக்கத்து ரசம் புள்ளி புள்ளியாக உதிர்ந்துபோன கண்ணாடி. பண்டாரவளையில் வாங்கிய பெரிய கண்ணாடி உள்ளே இருக்கும்போது இது எதற்கு என்று பெரியவள் போன வாரம் அதைக் குப்பையோடு சேர்த்து வைத்துவிட்டாள். நான் எடுத்து, துடைத்து, மறுபடியும் மாட்டினேன். ஏன்ப்பா என்று கேட்டாள். எட்டாம் வகுப்போடு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தவன் நான். பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. எழுதினால் நிறுத்தி நிறுத்தி யோசிக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

அது என் சவரக் கண்ணாடி. நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்த காலத்தில், ஒரு நாள் தேயிலை மலையிலிருந்து வேலை விட்டு வந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கண்ணாடி சமையல் காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில், தரையில் கிடந்தது. அதற்கு மேலே உங்கள் தாத்தா தன் வலது பாதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மிஸ்ஸி கேட்டுச்சு, குடுத்தேன். தினமும் அடிப்பாதத்தப் பாக்கணுமாம்" என்றார். என் பொருளைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குள் பொறாமை என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் அது அதற்கும் முன்பே புகைய ஆரம்பித்திருந்தது.

அந்த மிஸ்ஸி யார் என்று சொல்ல வேண்டும். பதுளையில் தாதி வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளைச் சில வாரங்களுக்குத் தோட்டங்களுக்கு அனுப்பிவைப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவன் எந்த மாதிரி வீட்டிலிருந்து எழுந்து வருகிறான் என்பதையும் பார்க்கட்டும் என்று. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பக்கத்தில் தங்கிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடுகளை ஆளுக்கொரு லயமாகப் பிரித்து வீடு வீடாகப் போவார்கள். நம் லயத்துக்கு வந்தது மஹியங்கனைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. படிப்பு முடியாதவள் என்பதால் எல்லாரும் அவளைச் சின்ன மிஸ்ஸி என்றார்கள். வகுப்பில் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. "எங்கே வலிக்கிறது?" என்று புத்தகம் வாசிப்பது போலக் கேட்பாள். அவள் வாசலைத் தாண்டியதும் லயத்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "எங்கே வலிக்கிறது? இங்கேயா வலிக்கிறது?" என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

உங்கள் தாத்தாவை அவருடைய வயதான காலத்தில்தான் நீங்கள் பார்த்தீர்கள். அவர் இந்த மலைகளில் முப்பது நாற்பது வருஷம் கவ்வாத்து வெட்டியவர். நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது, மாசி மாதம் இங்கே மழை பெய்வது மாதிரி. எனக்குக் கல்யாணம் ஆகி, நீங்கள் பிறந்த பிறகும் அவருக்கு நான் "டேய்"தான். அவருக்குச் சீனி வியாதி. பூனாகலைப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். மாலையானால் அடுப்புக்கு முன்னால் பலகையைப் போட்டு, இரண்டு பாதத்தையும் நெருப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நான் சுமந்து வருகிற மிலாறுக் குச்சிகள்தான் அந்த அடுப்பில் எரியும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து, வலது பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. முள் குத்தியது என்றார். அது ஆறவில்லை, கறுத்துக்கொண்டே போனது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாதக்கணக்காகக் கெஞ்சினேன். "போனா வெட்டிருவானுங்கடா. கத்தி புடிச்ச எனக்கே சொல்லித் தாறியா? செடியில கறுத்த வாதைத்தான் மொதல்ல வெட்டுவோம்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கென்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலை விட்டு வந்து, குளித்து, தேங்காயெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் சூடாக்கி, தினமும் அவர் காலைப் பிடித்துவிடுவேன். புண்ணை விட்டுவிட்டு, குதிகாலிலிருந்து விரல் வரைக்கும். "இதமா இருக்காப்பா?" என்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு, "ம், இதமா இருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மலை இறங்கி வருகிறேன் என்று சில நாள் தோன்றும். அவரும் நானும் சண்டையில்லாமல் பக்கத்தில் இருந்த நேரம் அது மட்டும்தான்.

சின்ன மிஸ்ஸி வந்த முதல் வாரத்திலேயே எல்லாம் மாறிப்போனது. அவள் வருகிற நாளில் தாத்தா காலையிலேயே சவரம் செய்துகொள்வார், என் கண்ணாடியில். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போடுவார். உங்களுக்கு வாங்கி வைத்த இஞ்சி பிஸ்கட்டை எடுத்து அவளுக்கு நீட்டுவார். அவள் அவரைச் "சீயா" என்று கூப்பிட்டாள். சிங்களத்தில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அவளை "மகள்" என்றார். மகள்! அந்தச் சொல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் ஊருக்குப் போகிற சனி ஞாயிறில் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருப்பார். பலகையை நெருப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் பலகையை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டாள். அவள் இழுத்துப் போட்ட இடத்திலேயே அவர் போய் உட்கார்ந்தார்.

"படிக்க வந்த புள்ள. நம்ம வீட்டப் பாத்து பரீட்ச எழுதிட்டுப் போயிரும். அதுக்குப் போய் இந்தக் கூத்து" என்று உங்கள் அம்மாவிடம் முணுமுணுத்தேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்: "பரீட்ச எழுதப்போறது அந்தப் புள்ளதானே. நீங்க எதுக்கு ஃபெயிலாப்போன மாதிரி மூஞ்சிய வச்சிருக்கீங்க?"

சின்ன மிஸ்ஸி திரும்பிப் போவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால், மழை பிடித்துக்கொண்டதால் எங்களை மலையிலிருந்து சீக்கிரமே இறக்கிவிட்டார்கள். தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் வடிய வடிய வந்து வாசற்படியில் நின்றேன். உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து, தாத்தாவின் பாதத்தைத் தன் மடியில் விரித்த துணிமேல் வைத்திருந்தாள். கையில் பஞ்சைத் திரி மாதிரித் திரித்து வைத்திருந்தாள். "கண்ணை மூடுங்கள் சீயா. படும்போது சொல்லுங்கள்" என்றாள். அவர் கண்ணை மூடினார். அவள் பெருவிரலில் தொட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுப்பாதத்தில் தொட்டாள், குதிகாலில் தொட்டாள். அவள் தொடுவது வாசலில் நிற்கிற எனக்குத் தெரிகிறது. அவர் பேசாமல் இருக்கிறார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"படவில்லையா சீயா?"

"இல்ல மகள். ஒன்னுந் தெரியல."

"எப்போதிருந்து?"

"ரெண்டு மூனு வருசம் இருக்கும். நெருப்புச் சுட்டதே எனக்குத் தெரியாதே. நாத்தம் வந்துதான் பாத்தேன்."

அப்படியென்றால் முள் இல்லை, நெருப்பு. அப்படியென்றால் அந்த ரெண்டு மூன்று வருஷமாக நான் தேய்த்த எண்ணெய், பிடித்துவிட்ட பிடி, அவர் சொன்ன "இதமா இருக்கு" எல்லாம் என்ன? வந்து சில வாரம் ஆன ஒரு பிள்ளைக்கு, தமிழே சரியாக வராத பிள்ளைக்கு, கேட்டவுடன் உண்மையைச் சொல்கிறார். ஒரே கூரைக்குள் இருந்த எனக்கு ஒவ்வொரு மாலையும் பொய். புண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரத்தில், பிள்ளைகளா, அந்தப் பஞ்சைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது.

அன்று மாலை நான் எண்ணெய் சூடாக்கவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னடா, எண்ண தீந்து போச்சா?"

"தெரியாத காலுக்கு என்னத்துக்கு எண்ண?"

மிலாறுக் குச்சி ஒன்றை அடுப்புக்குள் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, நெருப்பிடம் பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவேன்னு நெனச்சேன். இப்ப போயிட்டேல்ல?" இன்னும் கொஞ்சம் கழித்து, "கால்லதான் தெரியல. நீ குந்தியிருக்கிறது தெரியும்" என்றார்.

நான் எழுந்து போய் எண்ணெயைச் சூடாக்கினேன். அன்றைக்கு "இதமா இருக்கா" என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் சின்ன மிஸ்ஸி வந்து, "பதுளைக்குப் போவோமா சீயா? நானும் அங்கேதான் திரும்பிப் போகிறேன்" என்று கேட்டாள். "சரி மகள்" என்றார். அவ்வளவுதான். அந்தச் "சரி" அவளுக்காக வந்ததா, முந்தின நாள் மாலை எனக்கும் அவருக்கும் நடந்ததால் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்காக வந்தது என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் அதைச் சொன்னபோது பார்த்தது அவள் முகத்தை.

ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள்; பாதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்றார் டாக்டர். ஒரு மத்தியானம் சின்ன மிஸ்ஸி வார்டுக்கு வந்தாள். தாத்தா பக்கத்துக் கட்டில்காரரிடம் அவளைக் காட்டி, "இது என் மகள் மாதிரி" என்றார். எனக்குப் பழைய பொறாமை திரும்பி வந்தது. அடுத்து என்னைக் காட்டி, "இவன் மகன். கால் புடிச்சு விடுறவன்" என்றார். அவள் என்னிடம், "சீயாவால் இனிக் காலைத் தூக்கிக் குனிய முடியாது. கண்ணாடியை நீங்கள் பிடியுங்கள், தினமும் பாருங்கள்" என்றாள். என் அப்பாவின் காலை எனக்கே ஒப்படைக்கிறாள் பாருங்கள் என்று அதற்கும் பொருமிக்கொண்டே தலையாட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் இருந்த வருஷங்கள் முழுவதும், எண்ணெய் தேய்த்த பிறகு அந்தக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே நான்தான் பிடித்தேன். அவர் மேலேயிருந்து பார்ப்பார், நான் பக்கத்திலிருந்து பார்ப்பேன். சில சமயம் இரண்டு பேர் முகமும் அதில் சேர்ந்து தெரியும்.

சின்ன மிஸ்ஸி இப்போது எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாளோ தெரியாது. பதுளை பஸ் ஸ்டாண்டில் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகளைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது நன்றி இல்லை. பிறகுதான் நன்றி வருகிறது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கும் சீனி வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் மறுபடியும் படிக்கிற மிஸ்ஸிமார் வருகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் என் காலைப் பிடித்துவிட்டு, "இதமா இருக்காப்பா?" என்று கேட்டாள். "ம், இதமா இருக்கு" என்றேன். வலது காலுக்கு அது உண்மை, மகள். இடது காலில், பெருவிரல் பக்கம், நீ தொட்டதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வருகிற மிஸ்ஸி பஞ்சோடு வந்து கண்ணை மூடச் சொன்னால் அவளிடமும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நீங்கள் அதை வாசற்படியில் நின்று கேட்கக் கூடாது. அதனால் உங்களிடம் முதலில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேன் என்பதற்காகக் காலைப் பிடித்துவிடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா கொழுந்து பறிக்கவும் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இதுவரைக்கும் எழுதினேன். பிறகு அடுப்புக்கு முன்னால் கிடந்த பலகையை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் தரையில் வைத்து, இடது காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகால் வெடிப்பில் மலை மண். புண் ஒன்றும் இல்லை. கண்ணாடியை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் இஸ்தோப்பு ஆணியைப் பிடுங்கி, பலகையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அடித்து மாட்டினேன்.