பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

கல்யாணம் ஆனபின் கடையில் படுக்க இடமில்லை என்று கணவரின் முதலாளி சொல்லிவிட்டதால்தான் நாங்கள் பதுளைக் கடைவீதியில் அறை தேடினோம். அவர் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து வளர்ந்தவள். தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்துப் பெண் என்று தெரிந்ததும் சிலர் அறை இல்லை என்றார்கள். கயிறும் ஆணியும் விற்ற ஒரு சோனக முஸ்லிம் கடைக்காரர் மட்டும் எதுவும் கேட்காமல் தன் கடைக்கு மேலிருந்த மாடியைக் காட்டினார். அவரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுவார்கள்.

மாடியில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. வெயிலில் தகரக் கூரை கொதிக்கும். மழை பெய்தால் பேச்சு கேட்காது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களப் பெண்ணும் அவளுடைய சின்ன மகளும் இருந்தார்கள். சட்டைக் கழுத்துகளுக்கு ரேந்தை என்கிற நூல் பின்னல் பின்னி விற்று அவள் பிழைத்தாள். கணவன் இல்லை. கடைவீதித் தமிழ் நன்றாகப் பேசுவாள். அவள் மொழியிலேயே நான் அவளை அக்கே என்பேன், அவள் என்னைத் தங்கை முறையில் நங்கி என்பாள். அவளுடைய மகள் எங்கள் அடுப்படியில்தான் பாதி நாள் இருப்பாள்.

அந்த வருஷம் ஊருக்குள் பெரியம்மை வந்தது. முதலில் சந்தைப் பக்கம், பிறகு எங்கள் தெருமுனையில். அம்மை கண்டவர்களை ஆற்றுக்கு அப்பால் போட்டிருந்த கொட்டிலுக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். அந்த வீடுகளின் வாசலில் கொடி கட்டினார்கள். கொடி கட்டிய வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் தெருவின் மறு ஓரத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் குழந்தை எங்கள் பக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தடுப்புக்கு அப்பால் முனகல் கேட்டது. நான் கதவைத் தட்டினேன். அக்கே கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"காய்ச்சல் நங்கி. சும்மா காய்ச்சல்."

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பாயில் கிடந்த பிள்ளையின் நெற்றியிலும் கையிலும் கொப்புளங்கள். எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிறுவயதில் லயத்தில் எனக்கும் வந்து போனதுதான். இன்றும் என் முகம் முழுக்கத் தழும்பு.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"துணியை எடு. உங்க அப்பாகிட்டப் போயிடலாம்."

"டவுன்ல இருந்து வர்றவங்கள தோட்டத்துக்குள்ள விடமாட்டாங்க. காவல் போட்டிருக்காங்களாம்."

"அப்ப என்னதான் பண்றது? முதலாளிக்குத் தெரிஞ்சா என்னைக் கடைக்குள்ளயே விடமாட்டாரு."

எங்கள் பேச்சு கீழே கேட்டிருக்க வேண்டும். நானா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"தம்பி, வாயத் திறக்காதீங்க. கொடி கட்டிட்டா என் கடைப்பக்கம் ஆரு வருவா? பிள்ளைக்குத் தானா எறங்கிடும்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். எல்லாருமே பயந்திருந்தோம். கீழே தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் அப்போது கேட்டது. அந்தச் சத்தம்தான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் வேப்பிலையோடு அக்கேயின் அறைக்குள் போனேன். கணவர் தடுத்தார். "எனக்கு வந்து போயிடுச்சுங்க. உங்களுக்குத்தான் வரல. நீங்க உள்ள வராதீங்க" என்றேன்.

வீடு வீடாக அம்மை பார்க்கிறவர்கள் தெருமுனை வரை வந்துவிட்டார்கள், நாளைக்கு நம் வீட்டையும் பார்ப்பார்கள் என்று அக்கேயிடம் சொன்னேன். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தி அம்மை வந்தப்ப இவ அப்பாவையும் இப்படி ஒரு கொட்டிலுக்குத்தான் கொண்டு போனது. என்னை வேலிக்கு வெளிய நிக்க வச்சாங்க. பொணத்தைக்கூடக் காட்டல. பிள்ளைய நான் தரமாட்டேன் நங்கி."

மறைத்தால் கீழே விளையாடும் பிள்ளைகளுக்கும் வரும் என்றேன். அவள் அழவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "தனியா மட்டும் அனுப்ப மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை அம்மை பார்க்கிற ஐயா இரண்டு ஆட்களோடு வந்தார். ஐரோப்பிய வழி வந்த பறங்கியர், தமிழ் பேசுவார். மாடியில் யாருக்கும் ஒன்றுமில்லை என்று கீழே நானா சொல்வது கேட்டது. படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. அக்கேயின் கதவு மூடியே இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஐயா படியின் தலைப்பில் நின்று, "இங்க யாருக்காவது காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் கதவு திறந்தது. அக்கே பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்காக நான் பேசினேன்.

"ஐயா, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்குங்க. கூட்டிட்டுப் போங்க. ஆனா தாயையும் சேத்து விடணும்."

"தாய்க்கு முன்ன வந்திருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப விட முடியாது."

"எனக்கு வந்திருக்குங்க. என் முகத்தைப் பாருங்க. நான் பிள்ளைகூட உள்ள இருக்கேன். தாய் தினமும் வேலிக்கு வெளிய நின்னு பிள்ளைய ஒரு தரம் பாக்கட்டும்."

அவர் குனிந்து என் முகத்துத் தழும்புகளைப் பார்த்தார். பிறகு தன் ஆளிடம் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அக்கே பிள்ளையை என் கையில் தந்தாள். சுட்டது. என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொட்டிலில் இருந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. பக்கத்துப் பாய்கள் காலியாகிக்கொண்டே வந்தன. எங்கள் மாடியில் இருந்தவர்களைக் கொஞ்சநாள் வெளியே விடவில்லை. விட்டதும் அக்கே தவறாமல் வேலிக்கு வந்தாள். பிள்ளையை வாசலில் தூக்கிக் காட்டுவேன். சில நாள் கழித்து அவளுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பதைக் கண்டேன். என் கணவர். கையில் ஒரு தூக்குச் சட்டி. கஞ்சியை வேலியருகே வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளை பிழைத்தது. இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

நாங்கள் திரும்பியபோது மாடியில் பாய், துணிமணி, அக்கே வைத்து ரேந்தை பின்னும் தலையணை எல்லாவற்றையும் எரித்துவிட்டு, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். நானா கோபமாகப் பேசவில்லை. வேறு இடம் பாருங்கள் என்றார். கடையில் வியாபாரம் நின்றுபோயிருந்தது; அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆற்றுப் பக்கத் தெருவில் இன்னொரு மாடி கிடைத்தது. அக்கேயும் நாங்களும் சேர்ந்தே எடுத்தோம். அந்த வீட்டுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளையைக் காட்டி, இது யார் என்று கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார்.

"எங்க பிள்ளைதாங்க" என்றார்.