இடது காலின் அளவு

கத்தியைத் தம் பக்கமாக இழுத்தன கைகள். மெத்தென்ற ரப்பர் தகடு பாத வடிவில் பிசிறில்லாமல் பிரிந்தது. அடுத்து வாரை எடுத்து உள்பக்கம் தடவிப் பார்த்தன. ஒரு தையல் முடிச்சு நெருடியது. பிரித்து, முடிச்சு வெளியே வரும்படி மறுபடி தைத்தன.

செருப்புத் தைக்கும் அவரைத் தெருவில் அளவுக்காரர் என்பார்கள். முப்பது வருஷத்தில் அளவு பிசகி ஒரு ஜோடி திரும்பி வந்ததில்லை. காகிதத்தில் காலை வரைவார், செருப்பைத் தைத்து மாட்டி நடக்கச் சொல்வார், "பிடிக்குதா?" என்று கேட்பார். போட்டுக்கொண்டவர் சொல்வதே தீர்ப்பு.

அந்தக் கேள்விதான் அவரைக் கவிழ்த்தது.

அக்கா புருஷனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. நாலு மாசம் முன்பு புதுச் செருப்பை மாட்டிப் பார்த்தார்.

"லூசா இருக்கு மாப்ள. உள்ள இன்னொருத்தன் காலயும் விடலாம் போல."

"அளவு சரியாத்தான் இருக்கு மாமா."

"கால் என்னுதா, உன்னுதா?"

அளவுக்காரர் சிரித்துக்கொண்டே வாரைக் கொஞ்சம் உள்ளே இழுத்துத் தைத்துக் கொடுத்தார். "இப்பதான் செருப்பு மாதிரி இருக்கு" என்று மாமா நடந்து போனார்.

சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு இறுக்கினால்தான் செருப்பு இருப்பதே தெரியும். அது அன்று இருவருக்குமே தெரியாது. வார் இடது சுண்டுவிரலை அறுத்தது. வலிக்காததால் மாமா குனிந்து பார்க்கவில்லை. தரையில் ரத்தத் தடத்தை அக்கா பார்த்தபோது புண்ணுக்கு ஒரு வாரம் வயசு. சுண்டுவிரலை எடுத்தார்கள். பிறகு பக்கத்து விரலை.

"புண் ஆறினா கால் தப்பும்" என்றார் டாக்டர். "அப்புறம் வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாது. தினமும் அடிப்பாதத்தைப் பாக்கணும். செருப்பு சரியா இருக்கான்னு அவரைக் கேக்காதீங்க. கண்ணால பாருங்க, கையை விட்டுத் தடவிப் பாருங்க."

பழைய செருப்பை யார் தைத்தது என்று டாக்டர் கேட்கவில்லை. அப்போது நிம்மதியாக இருந்ததை நினைத்தால் அளவுக்காரருக்கு இப்போதும் உடம்பு கூசியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கட்டோடு சேர்த்துக் காலை வரைந்து வந்தார். "ரெண்டு விரல் கம்மி. உனக்குத் தோல் மிச்சம்டா" என்று மாமா வம்பிழுத்தார்.

அந்த ஜோடிதான் இது. வாரை ஒட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"இதோ, இந்த வார்தான் பாக்கி. புண் எப்படிக்கா இருக்கு?"

"கறுப்பு கணுக்கால் வரைக்கும் ஏறிடுச்சு. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணுமாம். நாளைக்கு."

பசை காயும்வரை அவர் வாரை அழுத்திப் பிடித்திருந்தார். காய்ந்த பிறகும் விடவில்லை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சாயங்காலம் டாக்டரே சொல்றேன்னாரு."

"நான்தான்க்கா அன்னைக்கு வாரை இழுத்து..."

"தெரியும்" என்றாள் அக்கா.

அவர் வலதுகால் செருப்பை மட்டும் காகிதத்தில் சுற்றினார்.

"ரெண்டையும் குடு."

"எதுக்குக்கா?"

"ஒண்ண மட்டும் கொண்டுபோனா, டாக்டர் சொல்றதுக்கு முந்தி நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

அவர் காகிதத்தைப் பிரித்தார். இடதையும் சேர்த்து வைத்துச் சுற்றி, அவள் கையில் கொடுத்தார்.