கொம்பனி செற்றில் கேட்காத மத்தளம்

போன கிழமை சண்டிலிப்பாய்ச் சந்தித் தேநீர்க் கடையில் இருந்தேன். முட்டைக்கோவா மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று சந்தியால் திரும்பியது. உள்ளே என்ன பாட்டு ஓடியதென்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே வந்தது அடி மட்டும்தான். வடை வைத்திருந்த கண்ணாடி அலுமாரி கிடுகிடுத்தது. என் பிளேன்ரீயில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. "காதைச் செவிடாக்கிற சாமானுகள்" என்று கடைக்காரர் பேசினார். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், நானும் ஒத்துப் பாடுவேன் என்று என் முகத்தைப் பார்த்தார். நானோ மேசையில் உள்ளங்கையை விரித்து வைத்து, அந்த அதிர்வு அடங்கும் மட்டும் அசையாமல் இருந்தேன். விசரன் என்று நினைத்திருப்பார். நினைத்தால் நினைக்கட்டும். அப்படி ஒரு பெட்டிக்குள்ளிருந்து வந்த அடியைக் கேட்டு ஒருநாள் நடுத்தெருவில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கதையை வாத்தியாருக்குச் சொல்ல நேரமில்லை, உங்களுக்குச் சொல்லலாம்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காங்கேசன்துறைப் பக்கம் ஐஸ் கட்டி செய்கிற கொம்பனி ஒன்றில் கந்தோர் வேலை. கந்தோர் என்றவுடன் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு மேசை, ஆடுகிற ஒரு கதிரை, மேலே சுழலாத ஒரு விசிறி. ஐஸ் கொம்பனியில் வேர்த்து வழிந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஐசைத் துறைமுகங்களுக்கு ஏற்றிக்கொண்டு போனவர் ஜெறோம் அண்ணை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மயிலிட்டிக்காரர், ஆனால் மயிலிட்டியில் வளராதவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, மல்லாகத்தில் ஒரு முகாமில் தவழ்ந்து, நடந்து, மீசை முளைத்து, ஆளாகியவர். பழைய ஜப்பான் பிக்கப் ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். என்னை எப்போதும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

பின்னேரம் அந்தப் பிக்கப்பில் தொற்றிக்கொண்டுதான் நான் வீட்டுக்குத் திரும்புவேன். ஐஸ் இறக்கிய வாகனம் மீன் ஏற்றிக்கொண்டு வரும். அதில் ஏறி இறங்கினால் அடுத்த நாளும் மணக்கும். எங்கள் வீடோ வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துத் தேவாரம் பாடுகிற வீடு. அம்மா என்னைக் கிணற்றடி தாண்ட விடமாட்டா. "உந்தச் சட்டையை அங்கையே கழட்டு" என்று குசினிக்குள் இருந்தபடியே கத்துவா. மணத்தை வைத்தே நான் எந்தச் சந்தியில் இறங்கினேன் என்று சொல்லக்கூடிய மூக்கு அவவுக்கு. இன்றைக்கும் சூடை மீன் மணம் எங்கேயாவது அடித்தால் எனக்குப் பசி வருவதில்லை, ஒரு கூத்துப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும்.

ஏனென்றால் அந்தப் பிக்கப்பில் ஓடியது அது ஒன்றுதான். வாகனத்தோடு வந்த கொம்பனி செற், கசெற் போடுகிற வகை. கதவுகளில் உள்ளங்கை அளவில் இரண்டு ஸ்பீக்கர். எந்த மனிதரின் குரலும் அதற்குள்ளால் நுளம்பின் குரலாகத்தான் வெளியே வரும். ஜெறோம் அண்ணையிடம் இருந்தது ஒரேயொரு கசெற். மயிலிட்டியில் ஒரு பெருநாள் இரவு ஆடிய நாட்டுக்கூத்தை யாரோ சின்ன ரேப் றெக்கோடரில் பிடித்தது. கூத்துப் பழக்கிய அண்ணாவியார் உச்சத்தில் பாடுவார், பின்னால் ஆர்மோனியம் இழுக்கும், தாளம் கணீர் கணீரென்று விழும். எனக்குப் பாட்டுப் பாடமாகி, வீட்டில் குளிக்கும்போது ஒரு புனிதரின் வேதசாட்சியப் பாட்டைப் பாடி, அப்பாவிடம் ஒரு பார்வையும் வாங்கிய பிறகுதான் துணிந்து கேட்டேன்.

"அண்ணை, உங்களிட்டை வேறை கசெற் ஒண்டும் இல்லையோ?"

"வாங்கலாம். ஆனா உதிலைதானே அப்பா இருக்கிறார்."

"பாடுறது அப்பாவோ?"

"இல்லை ஐசே. அவர் மத்தளம்."

நான் காதைக் கூர்மையாக்கினேன். பாட்டு, ஆர்மோனியம், தாளம். திரும்பவும் பாட்டு. "மத்தளம் எங்கை அண்ணை?" என்றேன்.

"அதைத்தான் நானும் தேடுறன்" என்றார் ஜெறோம் அண்ணை, கியரை மாற்றியபடி.

தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது இவர் இன்னும் நடக்கத் தொடங்கவில்லை. அவர் இருந்த படங்கள் வீட்டோடு போயின. தாய் ஊரை விட்டு வெளிக்கிடும்போது ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது இந்தக் கசெற்றை. முகாமில் மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேப் ஓடும். கை அலுத்து மெதுவாகச் சுற்றினால் அண்ணாவியார் கிழவராகிவிடுவார், வேகமாகச் சுற்றினால் பெடியனாகிவிடுவார். எந்த வயதிலும் அவர் பாடினாரே தவிர, மத்தளம் மட்டும் கேட்கவேயில்லை. பிறகு வந்த றேடியோக்களிலும் கேட்கவில்லை. அதற்குள் தாய்மாமன் ஒருவர் ஒரு கதை சொல்லிவிட்டார். அந்த இரவு மத்தளம் அடித்தது பக்கத்து ஊர் ஆள், "உன்ரை கொப்பருக்கு அண்டைக்குக் காய்ச்சல்" என்று. அப்படியில்லை, அடித்தது அவர்தான் என்றா தாய். ஆனால் தகப்பனைத் தேடி அழுகிற பிள்ளையை ஆற்ற ஒரு தாய் என்னதான் சொல்லமாட்டா?

பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அடிச் சத்தம் வெளியே வரும் என்று நான்தான் சொன்னேன். ஏ.எல்லில் பௌதிகம் படித்தவன் என்ற திமிர். பரீட்சை முடிவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் இருவரும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கடை முழுக்க புது றெக்சினும் பசையும் மணத்தது. கடைக்காரப் பெடியன் பிக்கப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, முதல்லை உந்தச் செற்றைப் பிடுங்கி எறியுங்கோ. பென் ட்ரைவ் போடுற செற் ஒண்டு தாறன்" என்றான்.

"செற் இருக்கட்டும். சத்தத்தை மாத்தித் தா."

"கசெற்றுக்கோ அண்ணை?" பெடியனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஜெறோம் அண்ணையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். ஒரு அம்பிளிபயரும், இரண்டு பெரிய ஸ்பீக்கர் ஒன்றாகப் பதித்த நீளப் பெட்டியும் தந்தான். பூட்டித் தருகிறேன் என்றதற்கு இவர் சம்மதிக்கவில்லை. தன் கையால்தான் பூட்ட வேண்டுமாம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தார். கொம்பனி முற்றத்தில் சீற்றைச் சரித்துப் பெட்டியைப் பின்னால் இறக்கினோம். எஞ்சின் ஓடாதபோதும் பாட்டு ஓட வேண்டும் என்று பற்றறியிலிருந்து நேரே லைன் இழுத்தோம். ஒரு ஸ்பீக்கருக்கு அவர் வயர் கொடுத்தார், மற்றதற்கு நான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வயதுக்காரருக்கு வயரின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அகப்பட்ட வயரைப் பல்லால் உரித்து முடிச்சுப் போட்டு வளர்ந்த கைகள் எங்களுடையவை. சிவப்போ கறுப்போ, பல்ப் எரிந்தால் சரி, றேடியோ பாடினால் சரி. டைனமோவுக்கு எந்தப் பக்கம் கொடுத்தால் என்ன? அந்தக் கை வழக்கத்திலேயே இரண்டு பேரும் பூட்டி முடித்தோம்.

கசெற்றைப் போட்டார். அண்ணாவியார் முதல்முறையாக ஒரு முழு மனிதராகப் பாடினார். ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. தாளம் பல்லில் கூசியது. மத்தளம் இல்லை. சத்தத்தைக் கூட்டினோம். பாட்டுத்தான் கூடியது. முழுப் பக்கமும் ஓடி முடியும் வரை ஜெறோம் அண்ணை பெட்டியைப் பார்த்தபடியே இருந்தார்.

"அம்மா சும்மா சொல்லியிருக்கிறா" என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மயிலிட்டியில் அவர்களுடைய காணியைத் துப்புரவாக்கப் போனோம். ஊர் அப்போதுதான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்திருந்தது. காணி என்றால் எல்லைக்கல்லும் இல்லாத பற்றைக் காடு. பின்னால் மண்வெட்டியும் கத்தியும் கடகடக்க, முன்னால் ஜெறோம் அண்ணை, நடுவில் தாய், கதவோரம் நான். கசெற் செற்றுக்குள்ளேயே கிடந்தது. அவர் எடுக்கவில்லை. ஞாயிறன்று கூட்டிவிட்ட சத்தத்தையும் குறைக்கவில்லை. பாட்டு ஓடியது.

தெல்லிப்பழை தாண்டியதும் றோட்டு இல்லை, குழியும் கிடங்கும்தான். ஒரு பெரிய கிடங்கில் முன்சில்லு விழுந்து எழும்பியது. என் தலை கூரையில் இடித்தது. அதோடு வாகனத்துக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். தும். தும் தும். சீற்றுக்குக் கீழே, முதுகெலும்புக்குள்ளால் ஏறியது.

"ரயர் போயிட்டுது" என்று ஜெறோம் அண்ணை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். தும். இன்னும் கேட்டது. இருவரும் இறங்கினோம். அவர் சில்லுகளை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து வாகனத்துக்குக் கீழே தலையை விட்டார். நான் மற்றப் பக்கம் நின்று, எதையாவது செய்ய வேண்டுமே என்று மட்காட்டில் கையை வைத்தேன். தகரம் உள்ளங்கையில் துடித்தது.

உள்ளே இருந்து தாய் கண்ணாடியில் தட்டினா. கண்ணாடியை இறக்கத் தெரியவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

"அவனை எழும்பச் சொல்லு தம்பி" என்றா. பிறகு தானே குரல் வைத்தா. "டேய், கீழை என்னத்தைப் பாக்கிறாய்? அது ரயர் இல்லை. கொப்பரடா. கொப்பர் அடிக்கிறார்."

ஜெறோம் அண்ணை முழங்காலில் புழுதியோடு எழும்பி வந்து, ஏறாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணாவியாரின் பாட்டுக்கு அடியில் வேறொரு ஆள் நடந்துகொண்டிருந்தார். பாட்டு ஓடினால் ஓடினார், நின்றால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார். இத்தனை நாளும் பாட்டென்று நான் கேட்டது கூரையைத்தான், வீடு இப்போதுதான் தெரிந்தது. சுற்றிவரப் பற்றைக் காடு, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. எனக்குக் கை கால் எல்லாம் புல்லரித்தது.

திடீரென்று மத்தளம் நின்றது. ஜெறோம் அண்ணை திடுக்கிட்டுப் பின்பக்கம் பார்த்தார்.

"பொறு" என்றா தாய். "இதிலை நிப்பாட்டினவர். பிள்ளை அழுகிறது கேக்குதே?"

கேட்டது. எப்போதும் கேட்டதுதான். கூத்துப் பார்க்க வந்த சனத்தில் அழுகிற பிள்ளைக்கா குறைவு என்று நானும் விட்டிருந்தேன், அவரும் விட்டிருந்தார்.

"அது நீயடா. என்ரை கையிலை நிக்காமல் வீரிட்டாய். வாங்கி மடியிலை வைச்சவர்."

தாளம் தனியே போய்க்கொண்டிருந்தது. பிறகு மத்தளம் திரும்ப வந்தது. முந்தியதுபோல இரண்டு பக்கமும் பேசவில்லை. ஒரு பக்கம் மட்டும், பெரிய அடி, விட்டு விட்டு.

"ஒற்றைக் கையாலை அடிக்கிறார். மற்றக் கையிலை நீ" என்றா தாய். "மறந்தே போனன். இப்ப கேட்டாப்போலைதான் ஞாபகம் வருது."

அந்த ஒற்றைக் கை அடிக்குள்ளே பிள்ளையின் அழுகை விக்கலாகி, விக்கலும் ஓய்ந்தது. ஜெறோம் அண்ணை தன் நெஞ்சில் கையை வைத்திருந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன். என் கண்ணும் சரியாக இல்லை.

பிறகு சீற்றைச் சரித்துப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரின் வயர் கழன்று தொங்கியது. அப்போதுதான் புத்தி வந்தது. இரண்டில் ஒன்றை மாறிப் பூட்டியிருக்கிறோம். ஒன்று காற்றைத் தள்ள மற்றது அதே கணம் இழுத்திருக்கிறது. சின்னச் சத்தங்கள் தப்பி வெளியே வர, பெரிய அடி மட்டும் பெட்டிக்குள்ளேயே தன்னைத் தானே தின்றிருக்கிறது. மாறிப் பூட்டியது யார் என்று நாங்கள் இன்றைக்கும் தகராறு படலாம். சரியாக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று வயரில் கை வைத்தேன்.

"தொடாதை ஐசே" என்றார். கெஞ்சுகிற குரல். கடைசி வரைக்கும் ஒரு ஸ்பீக்கர் ஊமையாகவே அந்த வாகனம் ஓடியது.

இப்போது அந்தக் கிடங்குகள் இல்லை, கார்ப்பெற் றோட்டு மயிலிட்டி வரை வழுக்கிக்கொண்டு போகிறது. ஐஸ் கொம்பனி பூட்டியாயிற்று. ஒரு கடும் வெயில் நாளில் செற் கசெற்றை இழுத்துச் சிக்காக்கிக் கடித்துப்போட்டது. ஜெறோம் அண்ணையின் தாயும் போய்விட்டா. அவர் பிக்கப்பை விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போனார். வாங்கியவர் செற்றோடு பெட்டியையும் கழற்றி எறிந்துவிட்டாராம்.

தேநீர்க் கடையில் இருந்து வந்த அன்றிரவு அவருக்கு அழைப்பு எடுத்தேன். கசெற் இருந்த காலத்தில் வாகனத்துக்குள் வைத்துப் போனில் ஒருமுறை பதிந்தீர்களே, அது இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. இஞ்சை பெரிய ஸ்பீக்கரிலையும் போட்டுப் பாத்தன். அந்த அடியைப் போன் எடுக்கவேயில்லை." என்றார். "நான் அழுகிறது மட்டும்தான் ஐசே கேக்குது."