கன்னி மூலையில் ஒரு கக்கூஸ்

முத்தாபுதுப்பேட்டையில் உலகநாதன் கட்டிய வீட்டில் வாஸ்துக்காரர் எவரும் விரல் வைக்க ஒரு குறையும் கிடையாது. தென்மேற்கில், கன்னி மூலையில், குடும்பத் தலைவர் படுக்கும் அறை. வடமேற்கில், பின்வாசலைத் தாண்டி, கக்கூஸ். எல்லாம் கச்சிதம். அந்த வீட்டில்தான் போன வருஷம் அவர் பக்கவாதம் வந்து விழுந்தார்.

மனைவி சொர்ணத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. அவள் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் தனி ஆள். வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பார். பின்வாசல் படி இறங்க முடியாது. அதனால் மனுஷன் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். அப்படியும் சில நாள் அவள் திரும்பும்போது கைலி நனைந்திருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். லேத் பட்டறையையே அதட்டி வேலை வாங்கிய ஆள்.

அவர் படுக்கும் அந்த அறைக்குள்ளேயே ஒரு கக்கூஸ் கட்டுவது என்று சொர்ணம் முடிவு செய்தாள். அவ்வளவுதான், தெருவில் பாதிப் பேர் வாஸ்து நிபுணர்களாகிவிட்டார்கள். கன்னி மூலையில் கக்கூஸ் வந்தால் வீட்டுத் தலைவன் உயிருக்கு ஆகாதாம். உலகநாதனின் அண்ணன் பால்ராஜ் நிஜ வாஸ்துக்காரர் ஒருவரையே கையோடு கூட்டி வந்தார். வந்தவர் திசைகாட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உன் தாலிய நீயே அறுத்துக்கப் போறியா?" என்றார் பால்ராஜ்.

"எல்லா மூலையும் சரியாத்தான கீது, மாமா. அப்பறம் இவுரு ஏன் உழுந்தாரு?" என்றாள் சொர்ணம். "தண்ணி குடிக்க பயந்துகினு கீறாரே, அதுக்கு எந்த மூலைல பரிகாரம்?"

செப்புத் தகடு பதிக்கலாம் என்று வாஸ்துக்காரர் ஆரம்பித்தார். அதன்மேல் தன் புருஷனை உட்கார வைக்கலாமா என்று கேட்டாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேஸ்திரி ஜீவாவும் தரையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். கட்டித் தருகிறேன், ஆனால் அந்த மூலையில் முதல் அடி என் கையால் விழ வேண்டாம், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். சொர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கடப்பாரையை வாங்கினாள். பால்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் ஓங்கி இறக்கினாள். ஹாலில் படுத்திருந்த உலகநாதன், கால்மேல் போட்டுக்கொள்ளாதே என்று மட்டும் குழறினார்.

கட்டி முடித்த மறுநாள் காலை அவள் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து வாக்கரைப் பிடித்து எழுந்தார். அவள் தாங்கிப் பிடிக்க ஓடினாள்.

"நீ வெளிய இரு," என்றார்.

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.